வார்டில் ஓர் அபூர்வ கேஸ் வந்தால்: படுக்கையருகில் தொடங்கி ஜர்னல் வரை

ஐப்பசி மழை விட்டு இரண்டு வாரம் ஆகியிருந்தது. ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு விவசாயி, பல வருடமாகச் சர்க்கரை, விட்டுவிட்டுக் காய்ச்சல். வெளியில் டிபி என்று மாத்திரை ஆரம்பித்து நாலு வாரம் ஓடிவிட்டது, காய்ச்சலும் இறங்கவில்லை, எடையும் குறைந்துகொண்டே போகிறது. ஸ்கேன் எடுத்தால் மண்ணீரல் முழுக்கச் சின்னச் சின்னச் சீழ்க்கட்டிகள். ரத்தக் கல்ச்சரில் (ரத்தத்தில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் சோதனை) "சூடோமோனாஸ் வகை, வெளியிலிருந்து கலந்ததாக இருக்கலாம்" என்று ஒரே ஒரு வரி. நான் அப்போது ஜெனரல் மெடிசினில் பிஜி (முதுகலைப் படிப்பு) முதல் வருடம், அந்த வரியைப் படித்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பிவிட்டேன். மைக்ரோபயாலஜி பிஜி ஒருவர் மட்டும் கிருமி வளர்ந்த அந்த ப்ளேட்டைத் தூக்கிப் போடாமல் இன்னும் ஒரு நாள் வைத்துப் பார்த்தார். காலனிகளில் சுருக்கம் விழுந்திருந்தது, காய்ந்த பூ மாதிரி. ஜென்டாமைசினுக்கும் கொலிஸ்டினுக்கும் கிருமி அசையவில்லை, அமாக்ஸிசிலின்-கிளாவுலனேட்டுக்கு மட்டும் அடங்கியது. அந்த மூன்று மருந்து முடிவுகளும் ஒன்றாகச் சேர்ந்தால் மெலியாய்டோசிஸ் என்ற மண்கிருமித் தொற்று என்று சந்தேகப்பட வேண்டும் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

அவர் பிழைத்துவிட்டார். செஃப்டாசிடைம் ஊசி, அப்புறம் மாதக்கணக்கில் கோட்ரைமாக்சசோல் மாத்திரை. மூன்று மாதம் கழித்து இந்த கேஸை ஜர்னலுக்கு எழுதலாம் என்று உட்கார்ந்தபோதுதான் என் கையில் ஒன்றுமே இல்லை என்று புரிந்தது. ப்ளேட்டை யாரும் படம் எடுக்கவில்லை, அது எப்போதோ கிருமியழிக்கும் ஆட்டோகிளேவுக்குப் போய்விட்டது. கிருமியைச் சேமித்து வைக்கவில்லை. ஒப்புதல் கையெழுத்து வாங்கவில்லை, கேஸ் ஷீட்டில் இருந்த போன் நம்பர் உபயோகத்தில் இல்லை. அந்த கேஸ் அப்படியே போயிற்று.

அதனால்தான் இதை எழுதுகிறேன். கேஸ் ரிப்போர்ட், அதாவது ஒரு நோயாளியின் கதையை மருத்துவ ஜர்னலுக்கு எழுதுவது, எப்படி என்று சொல்லித்தரும் எல்லோரும் தலைப்பு, சுருக்கம், முன்னுரை என்று கம்ப்யூட்டர் முன்னால் உட்காரும் இடத்திலிருந்துதான் ஆரம்பிக்கிறார்கள். உண்மையில் நோயாளி டிஸ்சார்ஜ் ஆவதற்கு முன்பே முக்கால்வாசி முடிவாகிவிடுகிறது. ஆகவே அங்கிருந்தே தொடங்குவோம்.

படி 1: இது எழுத வேண்டிய கேஸா?

"மேடம், ரேர் கேஸ் மேடம்" என்று ஓடிவரும் பிஜிக்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: இதைப் படிக்கிற ஒரு டாக்டர் நாளைக்குத் தன் வார்டில் எதை மாற்றிச் செய்வார்? பதில் இருந்தால் எழுதுங்கள். அபூர்வம் என்பது மட்டுமே போதாது. உலகத்தில் நாற்பது பேருக்கு மட்டும் வந்த நோயாக இருந்தாலும், படிப்பவருக்குக் கையில் எடுத்துப் போக ஒன்றும் இல்லையென்றால் அது வெறும் வேடிக்கைதான். மாறாக, எல்லோருக்கும் தெரிந்த நோய் தெரியாத வேஷத்தில் வந்தாலோ, தெரிந்த மருந்து தெரியாத பக்கவிளைவைக் கொடுத்தாலோ, எல்லோரும் விழக்கூடிய ஒரு பள்ளத்தில் நீங்கள் விழுந்து எழுந்திருந்தாலோ அது தாராளமாக எழுத வேண்டிய கேஸ்.

சின்ன எழுத்து என்று நினைக்காதீர்கள். 1981 ஜூன் 5 அன்று அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையத்தின் வாராந்திர அறிக்கையில் லாஸ் ஏஞ்சலஸைச் சேர்ந்த ஐந்து இளைஞர்களைப் பற்றி ஒரு சிறு குறிப்பு வந்தது. ஆரோக்கியமாக இருந்தவர்களுக்கு வரவே கூடாத நிமோசிஸ்டிஸ் நிமோனியா. எய்ட்ஸ் என்ற பெயரே இல்லாத காலத்தில் அதன் முதல் பதிவு அதுதான். 1961 டிசம்பரில் ஆஸ்திரேலிய மகப்பேறு மருத்துவர் மெக்பிரைட் லான்செட்டுக்கு எழுதிய மிகச் சிறிய கடிதம், தாலிடமைடு சாப்பிட்ட தாய்மார்களின் குழந்தைகளுக்குக் கை கால் குறையோடு பிறப்பது அதிகமாக இருக்கிறதே, மற்றவர்களும் பார்த்தீர்களா என்று கேட்டது. நம் ஊரிலேயே, 1986இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் நிர்மலா என்ற பிஜி மாணவி தன் ஆய்வேட்டுக்காக ரத்த மாதிரிகள் சேகரித்தார், வழிகாட்டியவர் சுனிதி சாலமன், பரிசோதனை நடந்தது வேலூர் சிஎம்சியில். இந்தியாவில் எச்ஐவி இருக்கிறது என்பது அப்படித்தான் தெரியவந்தது. ஆய்வேட்டைக் கடமைக்காகச் செய்யும் ஒவ்வொரு பிஜிக்கும் இந்தக் கதையை நான் சொல்லாமல் விடுவதில்லை.

படி 2: அன்றைக்கே சேகரியுங்கள்

கேஸ் அபூர்வமாக இருக்கும் என்று சந்தேகம் வந்த அதே நாளில், உறுதியாகும்வரை காத்திருக்காமல், சில வேலைகளைச் செய்துவிடுங்கள். மைக்ரோபயாலஜிக்கு நேரில் போய், "இந்தக் கிருமியை கிளிசராலில் போட்டு மைனஸ் 80இல் வையுங்கள், எறிந்துவிடாதீர்கள்" என்று சொல்லுங்கள், போன் மட்டும் செய்தால் மறந்துவிடும். மெலியாய்டோசிஸில் இது ரொம்ப முக்கியம், ஏனென்றால் தானியங்கிக் கருவிகள் இந்தக் கிருமியைச் சில நேரம் செபாசியா என்ற உறவுக் கிருமியாகத் தவறாகக் காட்டும், பிறகு பிசிஆர் (மரபணுச் சோதனை) செய்து உறுதிப்படுத்தக் கிருமி கையில் இருக்க வேண்டும். ப்ளேட்டை மூடியைத் திறக்காமல், கறுப்புத் துணி மேல் வைத்து, ஜன்னல் வெளிச்சத்தில் படம் எடுங்கள். யாரும் ப்ளேட்டை முகர்ந்து பார்க்க வேண்டாம், இது மூச்சு வழியாகவும் தொற்றும் கிருமி.

பயாப்ஸி என்றால் ஸ்லைடு நம்பரையும் பிளாக் நம்பரையும் குறித்துக்கொள்ளுங்கள். ஸ்கேன் என்றால் ஃபிலிமைச் செல்போனில் படம் எடுத்து வைத்துக்கொள்வது எதற்கும் உதவாது, ரேடியாலஜியில் மூலக் கோப்பைக் கேட்டு வாங்குங்கள். ஈசிஜி தாள் வெப்பத்தாள், நாளாக நாளாக வெளுத்துவிடும், உடனே ஸ்கேன் செய்யுங்கள். எம்ஆர்டியிலிருந்து (ஆஸ்பத்திரியின் பதிவேட்டுத் துறை) பழைய கேஸ் ஷீட்டை எடுப்பது எவ்வளவு பாடு என்று உங்களுக்கே தெரியும், அதனால் படுக்கையில் இருக்கும்போதே எல்லா ரிசல்ட்டையும் ஒரு தாளில் இறக்கிவிடுங்கள். அளவீட்டு அலகு, அந்த லேபின் இயல்பு வரம்பு இரண்டோடும் சேர்த்து. நெகட்டிவ் வந்த பரிசோதனைகளும் வேண்டும். டிபிக்கு எத்தனை முறை பார்த்தோம், டைபாய்டுக்கு வைடால் செய்தோமா, இதயத்துக்கு எக்கோ பார்த்தோமா என்பதெல்லாம் பின்னால் ஜர்னலுக்காகக் கட்டுரையை மதிப்பிடும் ரிவ்யூவர் கேட்கப்போகும் கேள்விகள்.

அப்புறம் வரலாறு. "விவசாயி" என்று கேஸ் ஷீட்டில் ஒரு சொல் இருக்கும். அது போதாது. நாற்று நட்டாரா, வெறும் காலோடா, காலில் புண் இருந்ததா, வெள்ளம் வந்ததா, சர்க்கரை மாத்திரையை எப்போது நிறுத்தினார்? மெலியாய்டோசிஸை உண்டாக்குவது ஈர மண்ணிலும் தேங்கிய நீரிலும் வாழும் கிருமி, நோய் மழைக்காலத்தில் கூடும், அது பிடிப்பவர்களில் பெரும்பாலும் சர்க்கரை நோயாளிகள். இந்த விவரங்கள் இல்லாத கேஸ் ரிப்போர்ட் பாதி ரிப்போர்ட்தான். இரண்டாவது முறை உட்கார்ந்து கேட்கும்போதுதான் இதெல்லாம் வரும், ரவுண்ட்ஸ் முடிந்து மதியம், அவசரமில்லாத நேரத்தில்.

படி 3: ஒப்புதல்

இதில் கொஞ்சம் நின்று சொல்கிறேன், ஏனென்றால் அதிகம் சொதப்புவது இங்கேதான்.

அட்மிஷன் போடும்போது வாங்கும் பொதுக் கையெழுத்து இதற்குச் செல்லாது. அறுவை சிகிச்சைக்கு வாங்கியதும் செல்லாது. பிரசுரத்துக்கென்று தனியாக, எழுத்தில், நோயாளிக்குப் புரியும் மொழியில் வாங்க வேண்டும். பெரும்பாலான ஜர்னல்கள் ஒப்புதல் வாங்கியதாக ஒரு வாக்கியம் கேட்கும், பிஎம்ஜே கேஸ் ரிப்போர்ட்ஸ் போன்றவை தங்கள் சொந்தப் படிவத்திலேயே கையெழுத்து கேட்கும். ஆகவே எந்த ஜர்னல் என்று ஓரளவு நினைத்து வைத்திருந்தால் அந்தப் படிவத்தை முன்பே எடுத்துவிடலாம். குழந்தை என்றால் பெற்றோர், நினைவில்லாதவர் அல்லது இறந்தவர் என்றால் நெருங்கிய உறவினர்.

எப்படிக் கேட்பது? அந்த முதல் நோயாளியைத் தவறவிட்டபின், அடுத்த மழைக்காலத்தில் இதே நோயோடு இன்னொருவர் வந்தார். காய்ச்சல் இறங்கி, இட்லி கேட்டுச் சாப்பிட ஆரம்பித்திருந்த நாள். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து சொன்னேன்: "ஐயா, உங்களுக்கு வந்த மாதிரி நோயை நிறைய டாக்டர்கள் டிபின்னு நினைச்சு விட்டுடறாங்க. உங்க கதையை டாக்டருங்க படிக்கற புத்தகத்துல எழுதலாம்னு இருக்கேன். பேரு, ஊரு, முகம் எதுவும் வராது. ஆனா உங்களை நல்லா தெரிஞ்சவங்க யாராவது படிச்சா கண்டுபிடிக்கவே முடியாதுன்னு என்னால உறுதி சொல்ல முடியாது. வேண்டாம்னாலும் உங்க வைத்தியம் இப்படியேதான் நடக்கும்." அவர் தன் மகனைப் பார்த்தார், பிறகு என்னிடம், "எழுதுங்க டாக்டரம்மா, எங்க தெருவுல பாதிப் பேருக்குச் சர்க்கரை, எல்லாரும் சேத்துலதான் நிக்கறாங்க" என்றார். கையெழுத்து போடும் முன் படிவத்தை மகனை விட்டுச் சத்தமாகப் படிக்கச் சொன்னார்.

அந்த இரண்டு வாக்கியங்களை விட்டுவிடாதீர்கள்: முழு ரகசியத்துக்கு உத்தரவாதம் தர முடியாது என்பது ஒன்று, மறுத்தாலும் சிகிச்சை மாறாது என்பது இன்னொன்று. பிரசுரத்துக்குப் போகும்வரை மனம் மாறினால் சொல்லலாம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு நகல் அவரிடம், ஒன்று கேஸ் ஷீட்டில், ஒன்று உங்களிடம்.

அடையாளத்தை மறைக்கும்போது, பெயரும் ஐபி நம்பரும் (உள்நோயாளி எண்) மட்டும் எடுத்தால் போதாது. ஸ்கேன் படத்தின் மூலையில் பெயர் பதிந்திருக்கும், டைகாம் என்ற ஸ்கேன் மூலக் கோப்புக்குள்ளும் ஒளிந்திருக்கும். சரியான தேதிகளை எடுத்துவிட்டு "சேர்ந்த 3ஆம் நாள்" என்று மாற்றுங்கள். கிராமத்தின் பெயர் வேண்டாம். கண்ணுக்கு மேல் கறுப்புப் பட்டை போட்டால் ஆள் தெரியாது என்பது பழைய நம்பிக்கை, சர்வதேச மருத்துவ ஜர்னல் ஆசிரியர் குழுவே அது போதாது என்கிறது. ஆனால் மறைப்பதற்காக விவரத்தை மாற்றி எழுதக் கூடாது, பெண்ணை ஆணாக்குவது, வயதைத் திருத்துவது எல்லாம் பொய்த் தரவு. தேவையில்லை என்றால் விட்டுவிடுங்கள், மாற்றாதீர்கள். வார்டு வாட்ஸ்அப் குரூப்பில் நோயாளி படத்தைப் போட்டு "டயக்னோசிஸ் என்ன?" என்று கேட்கும் பழக்கத்தை மட்டும் தயவுசெய்து நிறுத்துங்கள்.

ஆராய்ச்சிக்கு அனுமதி தரும் எத்திக்ஸ் கமிட்டி விஷயம் சுருக்கமாக: ஒரே ஒரு நோயாளியின் ரிப்போர்ட்டுக்குப் பல கல்லூரிகளில் முழு அனுமதி தேவைப்படாது, ஆனாலும் சில ஜர்னல்கள் விலக்குக் கடிதம் கேட்கும், ஆகவே உங்கள் கல்லூரி விதி என்ன என்று முதலிலேயே கேட்டு எழுத்தில் வாங்கிவிடுங்கள். நோயாளிகள் எண்ணிக்கை கூடிக் கேஸ் சீரிஸ் என்று ஆனால் அதை ஆராய்ச்சியாகவே நினைத்துக்கொள்ளுங்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐசிஎம்ஆரின் 2017 தேசிய நெறிமுறைகளை ஒருமுறை புரட்டிப் பாருங்கள்.

படி 4: "முதன்முறையாக" என்று எழுதுவதற்கு முன்

பப்மெட் என்ற மருத்துவக் கட்டுரைத் தேடுதளத்தில் ஒரு சொல்லைப் போட்டுத் தேடி, ஒன்றும் வரவில்லை என்று "இந்தியாவிலேயே முதல் கேஸ்" என்று எழுதிவிடாதீர்கள். நோய்களுக்குப் பழைய பெயர்கள் உண்டு. இந்தக் கிருமி 1992க்குப் பிறகுதான் பர்க்கோல்டேரியா சூடோமல்லை, அதற்கு முன் சூடோமோனாஸ் சூடோமல்லை, அதற்கும் முன் வேறு பெயர்கள். நோய்க்கே விட்மோர் நோய் என்று ஒரு பெயர். எல்லாப் பெயரிலும் தேடி, பப்மெட்டின் மெஷ் என்ற தலைப்புச் சொற்களிலும் தேடி, தேடிய தேதியையும் சொற்களையும் குறித்து வையுங்கள். நூலகத்தில் பழைய இந்திய ஜர்னல் கட்டுகள் இருந்தால் அதையும் பாருங்கள், நம் முன்னோர்கள் நிறைய எழுதியிருக்கிறார்கள், எல்லாமே இணையத்தில் ஏறவில்லை. மதுரைக் கால் என்று உலகம் முழுக்கச் சொல்லப்படும் மைசெட்டோமா (காலில் வரும் ஒரு தொற்று) 1842இல் மதுரையில் ஜான் கில் என்பவர் எழுதி வைத்ததுதான்.

தேடி முடித்தபின் நேர்மையாக "நாங்கள் தேடிய வரையில்" என்று எழுதினால் போதும். பெரும்பாலும் "முதல்" என்ற சொல்லே தேவைப்படாது.

படி 5: எழுதும் வரிசை

மேலிருந்து கீழாக எழுதாதீர்கள். முதலில் காலவரிசை: ஒரு தாளில் கோடு போட்டு, நாள் 0 என்றால் சேர்ந்த நாள், அதற்கு முன்னால் மைனஸ், பின்னால் பிளஸ். காய்ச்சல், கொடுத்த ஆன்டிபயாடிக், வெள்ளணு எண்ணிக்கை, ஸ்கேன், கல்ச்சர் எல்லாம் அதன்மேல். இந்தத் தாள் சரியாக அமைந்துவிட்டால் கேஸ் பகுதி ஒரே உட்காரலில் வந்துவிடும். அப்புறம் விவாதம், பிறகு முன்னுரை, சுருக்கம், கடைசியாகத் தலைப்பு. கேஸ் ரிப்போர்ட்டுக்கென்று 2013இல் வெளிவந்த கேர் நெறிமுறையில் 13 அம்சங்கள் பட்டியலாக இருக்கும், அதைச் சுவரில் ஒட்டிவையுங்கள், பல ஜர்னல்கள் நிரப்பிய பட்டியலையே கேட்கின்றன. அதில் எல்லோரும் மறப்பது நோயாளியின் பார்வை என்ற பகுதி. அவர் சொன்னதை அவர் சொன்னபடியே இரண்டு வரி போடுங்கள்.

கேஸ் பகுதியில் ஒரு விதி: அன்றைக்கு உங்களுக்குத் தெரிந்ததை மட்டும் அன்றைக்குச் சொல்லுங்கள். முடிவு தெரிந்தபின் எழுதுவதால் எல்லாம் தெளிவாக இருந்ததுபோல எழுதும் ஆசை வரும். "கலப்படம் எனக் கருதிக் கல்ச்சர் முடிவு 2 நாள் கவனிக்கப்படவில்லை" என்பது எழுதக் கூச்சமாக இருக்கும். ஆனால் படிப்பவருக்கு உயிரைக் காக்கப்போவது அந்த வரிதான். முன்பு பார்த்த டாக்டரைக் குறை சொல்லும் தொனி மட்டும் வேண்டாம். பயாப்ஸியில் கிரானுலோமா (டிபியிலும் காணும் திசுக் கட்டி) தெரிந்தால், ஆறாத காய்ச்சல் இருந்தால் நம் நாட்டில் டிபி என்று நினைப்பது நியாயம்தான், அந்த நியாயத்தையும் எழுதுங்கள்.

விவாதத்தில் பாடப்புத்தகத்தை இறக்காதீர்கள். நோயின் வரலாறு, பரவல், வகைகள், சிகிச்சை என்று இரண்டு பக்கம் ஓட்டுவதை எந்த ரிவ்யூவரும் வெட்டிவிடுவார். ஒரு செய்தி போதும். என் கேஸ் என்றால் இது: சர்க்கரை நோயாளியின் ரத்தத்தில் "சூடோமோனாஸ் வகை" என்று வந்து, அது ஜென்டாமைசினுக்கும் கொலிஸ்டினுக்கும் மசியாமல் அமாக்ஸிசிலின்-கிளாவுலனேட்டுக்கு அடங்கினால் தள்ளிவிடாதே, லேபுக்குப் போன் செய். மீதி எல்லாம் அதற்குத் துணையாக வர வேண்டும். ஒரு நோயாளியை வைத்துக்கொண்டு "இந்த மருந்து பலனளிக்கிறது" என்று மட்டும் எழுதாதீர்கள், அவர் தானாகவே தேறியிருக்கலாம்.

மருந்தின் பக்கவிளைவு கேஸ் என்றால் இன்னும் இரண்டு வேலை. மருந்துதான் காரணமா என்று எடைபோடும் நரன்ஜோ அளவுகோலில் பத்துக் கேள்விக்கும் மதிப்பெண் போடுங்கள். 9ம் அதற்கு மேலும் உறுதி, 5 முதல் 8 வரை பெரும்பாலும், 1 முதல் 4 வரை இருக்கலாம். அதைவிட முக்கியம், ஜர்னலுக்கு அனுப்பும் முன் இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்துக்கு அறிக்கை கொடுத்துவிடுங்கள், உங்கள் கல்லூரி பார்மகாலஜித் துறையில் படிவம் இருக்கும், இல்லையென்றால் 1800-180-3024 என்ற இலவச எண். ஜர்னல் வர ஆறு மாதம் ஆகும், அதற்குள் அதே மருந்தை எத்தனை பேர் சாப்பிடுவார்கள்.

படி 6: யார் பெயர் வரும்?

இதை முதல் வாரத்திலேயே பேசிவிடுங்கள், எழுதி முடித்தபின் பேசினால் சண்டைதான். கட்டுரை ஆசிரியராக இருக்க நாலு தகுதிகள்: வேலையில் உண்மையான பங்கு, எழுதியதில் அல்லது திருத்தியதில் பங்கு, இறுதி வடிவத்துக்குச் சம்மதம், எல்லாவற்றுக்கும் பொறுப்பேற்பது. நாலும் வேண்டும். யூனிட் சீஃப் என்பதற்காக மட்டும் பெயர் போடுவது தகுதியில்லை, நட்புக்காகப் போடுவதும் இல்லை. எதிர்ப்பக்கமும் உண்டு: ப்ளேட்டை எறியாமல் வைத்திருந்த அந்த மைக்ரோபயாலஜி பிஜி இல்லையென்றால் என் கேஸே இல்லை, அவரை அழைத்து எழுத வைத்து ஆசிரியராகச் சேர்ப்பதுதான் முறை.

மெலியாய்டோசிஸை 1911இல் ரங்கூனில் முதலில் கண்டு, 1912இல் இந்தியன் மெடிக்கல் கெசட்டில் எழுதியவர்கள் இரண்டு பேர், ஆல்ஃபிரட் விட்மோர், அவருடைய உதவியாளர் சி. எஸ். கிருஷ்ணசாமி. நோய்க்குப் பெயர் விட்மோர் நோய். கட்டுரையில் கிருஷ்ணசாமியின் பெயர் இருப்பதால்தான் நூறு வருடம் கழித்து இன்றைக்கு நான் அவரைச் சொல்ல முடிகிறது.

படி 7: ஜர்னல்

மெயிலில் "மதிப்பிற்குரிய டாக்டர், உங்கள் அரிய கட்டுரையை 72 மணிநேரத்தில் வெளியிடுகிறோம்" என்று வந்தால் அழித்துவிடுங்கள். ஜர்னல் தன் வலைத்தளத்தில் எந்தப் பட்டியலில் இருப்பதாகச் சொன்னாலும் நம்பாமல், அந்தப் பட்டியலுக்கே போய்த் தேடுங்கள். கட்டணம் எவ்வளவு என்று அனுப்பும் முன்பே பாருங்கள், ஏற்றுக்கொண்டபின் தெரிந்தால் திரும்ப எடுப்பது பெரும் தலைவலி. ஒரு நேரத்தில் ஒரு ஜர்னலுக்குத்தான் அனுப்ப வேண்டும். திருப்பி அனுப்பினால் வருத்தப்பட ஒரு நாள் எடுத்துக்கொள்ளுங்கள், அடுத்த நாள் ரிவ்யூவர் எழுதியதை வரி வரியாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் கீழே பதில் எழுதி, கட்டுரையைத் திருத்தி அடுத்த ஜர்னலுக்கு அனுப்புங்கள். என் இரண்டாவது நோயாளியின் ரிப்போர்ட் மூன்றாவது ஜர்னலில்தான் ஏறியது, முதலில் மறுத்தவர்கள் சொன்ன திருத்தங்களால் அது நன்றாகவே ஆகியிருந்தது.

படி 8: ஒன்று பலவாகும் இடம்

கேஸ் ரிப்போர்ட் வந்துவிட்டது, சரி. இனிமேல்தான் ஆராய்ச்சி. ஒரு நோயாளியைத் தவறவிட இருந்தோம் என்றால் எத்தனை பேரை ஏற்கெனவே தவறவிட்டிருப்போம்? அதற்குப் பெரிய நிதியெல்லாம் வேண்டாம். எத்திக்ஸ் கமிட்டியில் பழைய பதிவுகளைப் பார்க்க அனுமதி கேளுங்கள், கேள்வியை முதலிலேயே எழுதி வைத்துக்கொள்ளுங்கள், பதிவுகளைப் பார்த்தபின் கேள்வியை மாற்றாதீர்கள். யாரைச் சேர்ப்பீர்கள், யாரை விடுவீர்கள் என்பதையும் முன்பே எழுதுங்கள். யாருக்காவது மருந்து கொடுத்து ஒப்பிடும் சோதனை என்று ஆகிவிட்டால் அது வேறு கதை: முதல் நோயாளியைச் சேர்க்கும் முன்பே சிடிஆர்ஐ என்ற இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேட்டில் பதிவு செய்ய வேண்டும், 2018 ஏப்ரல் 1 முதல் பின்னால் பதிவு செய்வதை அவர்கள் ஏற்பதில்லை.

அனுமதி கையில் வந்ததும் மைக்ரோபயாலஜி லேபுக்குப் போய்ப் பழைய கல்ச்சர் ரெஜிஸ்டரைக் கேளுங்கள். தடிமனான அட்டை, ஓரம் கிழிந்திருக்கும். ஐப்பசி, கார்த்திகை மாதங்களிலிருந்து புரட்டுங்கள், "சூடோமோனாஸ் வகை" என்று எழுதியிருக்கும் ஒவ்வொரு வரிக்கும் எதிரே இருக்கும் மருந்துப் பட்டியலில் ஜென்டாமைசினையும் அமாக்ஸிசிலின்-கிளாவுலனேட்டையும் மட்டும் முதலில் பாருங்கள், பொருந்துகிற வரியின் ஐபி நம்பரைக் குறித்துக்கொண்டு எம்ஆர்டிக்கு நடங்கள்.